உலோகங்களின் வரலாறு – 23: செந்தணலில் நின்ற நிக்கல்

கனடாவின் சட்பரியிலும் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவிலும் நிக்கல் தாது தோண்டப்பட்ட வரலாற்றையும், லுட்விக் மாண்ட் கண்டறிந்த கார்பனைல் முறையால் அது தூய உலோகமாக்கப்பட்ட வகையையும் இத்தொடரின் முந்தைய பகுதிகள் விரித்துரைத்தன. அவ்வாறு தூய்மை பெற்ற நிக்கல் முதலில் போர்க்கப்பல்களின் கவச எஃகில் கலந்து மறைந்தது. பிறகு தானே முதன்மை உலோகமாகி, குரோமியம், மாலிப்டினம், டைட்டானியம் முதலியவற்றைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு, எஃகால் தாக்குப்பிடிக்க முடியாத இடங்களில் நிற்கலாயிற்று. அந்த இடங்கள் இரு வகைப்படும். அமிலமும் உவர்நீரும் உலோகத்தைத் தின்னும் இடம் ஒன்று; செந்தணலாய்க் கனன்றுகொண்டே உலோகம் சுமை தாங்க வேண்டிய இடம் மற்றொன்று. இரண்டிலும் நிக்கல் வென்றதற்குக் காரணம், மேற்பரப்பில் படரும் மெல்லிய ஆக்சைடுப் படலமும் உட்புறத்தில் பிறக்கும் நுண்துகளும் ஆகும். தொழிற்சாலைகள் இவ்விரண்டையும் நம்பி வேலை செய்யத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அறிவியல் அவற்றை முழுமையாகக் கண்டறிந்தது என்பது இந்தப் பகுதி முழுவதும் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

இரும்பு மலிவானது, அதன் உருகுநிலை நிக்கலின் உருகுநிலையைவிடச் சற்று உயர்ந்ததும்கூட. ஆயினும் வெப்பத்தின் முன் இரும்புக்கு ஓர் உள்ளார்ந்த குறை உண்டு. 912 டிகிரி செல்சியசை எட்டும்போது இரும்பின் அணுக்கள் தம் அடுக்கு முறையையே மாற்றிக்கொள்கின்றன. கனசதுரத்தின் நடுவில் ஓர் அணு அமர்ந்த அமைப்பு குலைந்து, அதன் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் அமரும் நெருக்கமான அமைப்பு உருவாகிறது. சூடேறும் போதும் ஆறும் போதும் வடிவம் மாறும் இத்தகைய உலோகத்தைக் கொண்டு, நாள்தோறும் எரிந்து அணையும் பொறியின் உறுப்பைச் செய்வது கடினம். நிக்கலோ அறை வெப்பநிலையிலிருந்து 1,455 டிகிரியில் உருகும் வரை அந்த நெருக்கமான அடுக்கிலேயே மாறாமல் நிற்கிறது. அதோடு, பிற உலோக அணுக்கள் தன்னிடையே வந்தமர நிக்கல் தாராளமாக இடம் தருகிறது. குரோமியத்தை எடைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் சேர்க்கலாம், மாலிப்டினமும் டங்ஸ்டனும் கணிசமாகச் சேர்க்கலாம், அவ்வளவுக்குப் பின்னும் அடிப்படைச் சட்டகம் குலைவதில்லை.

இந்தத் தாராள குணத்தின் முதல் பெரும்பயன் 1905ஆம் ஆண்டை ஒட்டித் தெரியவந்தது. மின்சாரம் பாய்ந்து சூடேறும் கம்பிக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ், நிக்கல் ஏறத்தாழ 80 பங்கும் குரோமியம் 20 பங்குமாகக் கலந்து உருக்கிய கம்பி, காற்றில் செந்நிறமாய்க் கனன்று மீண்டும் மீண்டும் ஆறிய பின்னும் தீய்ந்து உதிராமல் இருப்பதைக் கண்டு, 1906இல் காப்புரிமை பெற்றார். நிக்ரோம் என்று உலகெங்கும் அறியப்படும் இக்கலவைதான் ரொட்டி வாட்டும் கருவியிலும் இஸ்திரிப் பெட்டியிலும் மின்னடுப்பின் சுருளிலும் இன்றுவரை கனன்றுகொண்டிருக்கிறது. சூடான கம்பியின் மேற்பரப்பிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமியம் ஆக்சைடாக மாறுகிறது. அந்த ஆக்சைடு துளையோ பிளவோ இன்றி ஒரே போர்வையாகப் படர்ந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்வதால், அதற்குப் பின் வரும் ஆக்சிஜன் உள்ளே புக வழியின்றி நின்றுவிடுகிறது. போர்வை கீறப்பட்டாலும் அடியிலிருக்கும் குரோமியம் வெளிப்பட்டு அந்த இடத்தை மீண்டும் மூடிவிடும். இரும்பின் துருவோ பருமன் பெருத்துப் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்பைப் புதிதாகக் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஓர் உலோகத்தின் ஆக்சைடு காவலாகுமா, காட்டிக்கொடுக்குமா என்பதை, உண்டான ஆக்சைடின் கனஅளவுக்கும் அழிந்த உலோகத்தின் கனஅளவுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு மதிப்பிடும் வழியை 1923இல் நார்மன் பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் வகுத்தனர். பில்லிங்கின் பெயர் இந்த வரலாற்றில் இன்னொரு முறையும் வரும்.

அமிலத்தையும் உவர்நீரையும் எதிர்த்து நின்ற கலவைகளின் கிளையும் அதே ஆண்டுகளில் தழைத்தது. சட்பரித் தாதுவில் நிக்கலும் செம்பும் இயற்கையாகவே சேர்ந்திருப்பதால், அவற்றைப் பிரிக்காமலேயே உருக்கிப் பெறப்பட்ட மோனல், கப்பல்களின் சுழல்விசிறித் தண்டுகளிலும் உவர்நீர் இறைக்கும் பம்புகளிலும் இடம்பிடித்தது. கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் தாங்கும் அரிய உலோகங்களுள் மோனல் ஒன்று. மாலிப்டினம் மிகுந்த ஹாஸ்டெல்லாய் வகைகள் 1920களிலிருந்து அமெரிக்காவில் உருவாகி, எஃகுத் தொட்டியைச் சில வாரங்களில் ஓட்டையாக்கிவிடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கையாளும் வேதித் தொழிற்சாலைகளுக்குப் போயின. 1930களின் தொடக்கத்தில் வந்த இன்கோனல், நிக்கலோடு குரோமியமும் சிறிது இரும்பும் சேர்ந்த கலவை. பால் காய்ச்சும் பண்ணைக் கலன்களுக்காகவே அது முதலில் சந்தைக்கு வந்தது என்பதை, பின்னாளில் அது ராக்கெட்டுகளிலும் அணுஉலைகளிலும் ஏறியதைக் காண்போர் நம்ப மாட்டார்கள்.

வெப்பத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. ஆக்சிஜனை மட்டும் தடுத்தால் மின்னடுப்பின் கம்பிக்குப் போதும்; அதற்குச் சுமை ஏதும் இல்லை. சுமை ஏற்றப்பட்ட உலோகமோ வெப்பத்தில் வேறொரு வகையாகத் தோற்கிறது. அறை வெப்பநிலையில் ஓர் எஃகுக் கம்பியில் எடையைத் தொங்கவிட்டால், கம்பி சிறிது நீண்டு அப்படியே நிற்கும். எடையை எடுத்தால் பழைய அளவுக்குத் திரும்பும். அதே கம்பியைச் செஞ்சூட்டில் வைத்து அதே எடையைத் தொங்கவிட்டால், அது நிற்பதில்லை. ஒரு மணி நேரத்தில் மயிரிழையளவு, ஒரு நாளில் இன்னும் சிறிது, ஒரு வாரத்தில் மேலும் சிறிது என நீண்டுகொண்டே போய், ஒரு நாள் அறுந்து விழும். இந்த மெதுவான, ஓயாத நீட்சிக்கு ஊர்வு என்று பெயர். ஓர் உலோகத்தின் வெப்பநிலை, தனிச்சுழியிலிருந்து கணக்கிட்டால் அதன் உருகுநிலையில் ஏறத்தாழப் பாதியை நெருங்கும்போது ஊர்வு பெருந்தொல்லையாகிறது. அணுக்கள் தம் இருக்கையை விட்டு எழுந்து இடம் மாறத் தொடங்குவதே அதற்குக் காரணம். ஈயத்துக்கு அந்த எல்லை அறை வெப்பநிலையிலேயே வந்துவிடுவதால்தான் பழைய கட்டடங்களின் ஈயக் குழாய்கள் தம் எடையாலேயே ஆண்டாண்டாய்த் தொய்ந்து போகின்றன. பிரிட்டனின் ஆண்ட்ரேட் 1910இல் ஊர்வை அளந்து அதற்கு ஒரு விதி வகுத்தபோது, அதை வியப்புக்குரிய ஆய்வுக்கூடச் செய்தியாகவே பலரும் கருதியிருக்கக்கூடும். முப்பது ஆண்டுகளில் அது ஒரு நாட்டின் வான்படையின் வாழ்வா சாவா என்ற கேள்வியாயிற்று.

ஃபிராங்க் விட்டில் ஜெட் பொறிக்கான காப்புரிமைக்கு 1930 ஜனவரியில் விண்ணப்பித்தார். அவருடைய முதல் பொறி 1937 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தின் ரக்பி நகரில் ஓடியது. உள்ளே இழுத்த காற்றை அழுத்தி, அதில் எரிபொருளை எரித்து, அந்த எரிவளியை ஒரு சக்கரத்தின் விளிம்பிலுள்ள பிளேடுகளின் மேல் பாய்ச்சி, அச்சக்கரம் சுழலும் வலிமையால் மேலும் காற்றை அழுத்துவது ஜெட் பொறியின் வேலை. டர்பைன் எனப்படும் அச்சக்கரத்தின் பிளேடு ஒவ்வொன்றும் நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழல்வதால், தன் எடையைப் போல் பல்லாயிரம் மடங்கு விசையால் வெளிப்புறம் இழுக்கப்படுகிறது. அந்த இழுப்பைத் தாங்கும் வேளையில் அது செந்நெருப்பில் குளித்துக்கொண்டும் இருக்கிறது. பிளேடின் நுனிக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் இடையே விடப்படும் வெளி மிகக் குறுகலானது. அந்த வெளி அகன்றால் எரிவளி வீணாக நழுவிவிடும் என்பதால் பொறியாளர்கள் அதைக் கூடியவரை ஒடுக்குகின்றனர். பத்து சென்டிமீட்டர் நீளப் பிளேடு நூற்றில் ஒரு பங்கு நீண்டாலே ஒரு மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். அதுவே உறையை உரசப் போதுமானது.

1941 மே 15 அன்று கிரான்வெல் விமானத்தளத்திலிருந்து குளோஸ்டர் இ.28/39 விமானத்தைத் தூக்கிச் சென்ற விட்டிலின் பொறியில் இருந்தவை ரெக்ஸ் 78 என்ற உயர்வகை எஃகுப் பிளேடுகள். பறந்து காட்டுவதற்கு அவை போதும். படைப்பிரிவுகள் நம்பி ஏறும் பொறிக்குப் போதா. ஆகவே பிரிட்டிஷ் அரசு, மாண்ட் நிக்கல் நிறுவனத்தின் கிளையாக பர்மிங்காமில் இயங்கிய ஹென்றி விக்கின் ஆலையிடம் இப்பணியை ஒப்படைத்தது. அங்கு ஆய்வை நடத்திய லியோனார்ட் பெசெமர் ஃபீல், இரும்பினுள் ஹைட்ரஜன் புகுந்தால் அது எளிதில் நொறுங்கிவிடும் என்பதை 1926இலேயே ஆய்ந்தெழுதியவர். அவருடைய குழு எங்கிருந்தோ புதிய உலோகத்தைத் தேடிப்போகவில்லை. மார்ஷின் நிக்ரோமையே அடிப்படையாகக் கொண்டது. அதில் சிறிதளவு டைட்டானியமும் கரியும் சேர்ந்த நிமோனிக் 75 முதலில் வந்தது. டைட்டானியத்தின் அளவைக் கூட்டி, அலுமினியத்தையும் சேர்த்தபோது நிமோனிக் 80 பிறந்தது. அதன் திருந்திய வடிவமான 80ஏ 1944இல் வந்தது. 80ஏ கலவையில் டைட்டானியம் நூற்றுக்கு 2.4, அலுமினியம் 1.4 என்ற அளவே இருக்கும். நூற்றில் நான்கு பங்குக்கும் குறைந்த இந்தச் சேர்க்கையால் ஊர்வு கண்கூடாக ஒடுங்கியது.

ஏன் ஒடுங்கியது என்பதை அக்குழு கண்ணால் கண்டிருக்கவில்லை; ஆனால் எப்படி ஒடுக்குவது என்பது தெரிந்திருந்தது. நிக்கலில் டைட்டானியமும் அலுமினியமும் சேர்த்துச் சூடாக்கி ஆற்றினால் அது கெட்டிப்படும் என்று, மேலே கண்ட பில்லிங்கும், விமானங்களுக்கான டியூராலுமின் நாள்பட நாள்பட ஏன் உறுதிப்படுகிறது என்று 1919இல் விளக்கிய பால் மெரிக்காவும் 1920களின் பிற்பாதியிலேயே கண்டிருந்தனர். 80ஏ பிளேடுக்கான வெப்பப் பதம் இன்றும் அந்த வழியில்தான் நடக்கிறது. வடிக்கப்பட்ட பிளேடை 1,080 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்திருந்தால், சேர்த்த பொருள்கள் யாவும் நிக்கலில் சர்க்கரை நீரில் கரைவதுபோல் கரைந்துவிடும். காற்றில் ஆறவிட்டு, மறுபடி 700 டிகிரியில் பதினாறு மணி நேரம் வைத்தால், கரைந்தவற்றுள் ஒரு பகுதி எண்ணிலடங்கா நுண்துகள்களாய் உலோகத்தின் உள்ளேயே வீழ்படியும். சமையலறையில் பதம் பார்ப்பது போன்ற பொறுமை இதில் வேண்டும். நேரம் குறைந்தால் துகள்கள் முளைக்கா, மிஞ்சினால் பெருத்து எண்ணிக்கையில் குறைந்து பயனற்றுப் போகும்.

எதிர்ப்புறத்தில் ஜெர்மனி ஜெட் விமானத்தை முந்திப் பறக்கவிட்டிருந்தது. ஹான்ஸ் ஃபான் ஓஹைனின் பொறியைத் தாங்கிய ஹைங்கெல் 178, 1939 ஆகஸ்ட் 27 அன்றே வானேறிவிட்டது. ஆனால் அந்நாட்டிடம் நிக்கல் இல்லை. போர்க்காலத்தில் அதற்குக் கிடைத்த நிக்கலின் முதன்மை ஊற்று அன்றைய ஃபின்லாந்தின் வடகோடியிலிருந்த பெட்சாமோ சுரங்கம்; 1944 அக்டோபரில் சோவியத் படை அதையும் கைப்பற்றியது. குருப் ஆலை உருவாக்கிய டினிடூர் என்ற உலோகத்தில் நிக்கல் 30 பங்கே. மிகுதி பெரும்பாலும் இரும்பு. அதிலும் டைட்டானியம் சேர்ந்திருந்ததால் தரத்தில் அது இழிந்ததல்ல. போருக்குப் பின் அமெரிக்காவில் புகழ்பெற்ற ஏ-286 கலவை அதன் வழித்தோன்றலே. நிக்கல் மேலும் அருகியபோது, மாங்கனீசையும் குரோமியத்தையும் கொண்டு நிக்கலே இல்லாத குரோமாடூர் என்ற மாற்றைக் கையாண்டனர். மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானத்தைச் செலுத்திய யூமோ 004 பொறியை வடிவமைத்த ஆன்செல்ம் ஃபிரான்ஸ், பிளேடுகளை உட்குழிவாக்கி அவற்றினுள் குளிர்காற்றைச் செலுத்தினார். எரிகலனைச் சாதாரண எஃகால் செய்து அதன்மேல் அலுமினியத்தைப் பூசினார். இவ்வளவு அறிவுநுட்பத்துக்குப் பின்னும் அப்பொறி பத்து முதல் இருபத்தைந்து மணி நேரமே உழைத்தது. 1944 கோடையில் பிரிட்டனின் மீட்டியார் விமானங்களில் ஏறிய வெலண்ட் பொறி, 180 மணி நேரத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்தால் போதும் என்ற தகுதியோடு படைக்கு வந்தது. இந்த வேறுபாடு முழுவதையும் உலோகத்தின் கணக்கில் எழுதுவது முறையாகாது. பொறிகளின் அமைப்பே வேறு, ஜெர்மானியத் தொழிற்சாலைகள் இருந்த நிலையும் வேறு. ஆயினும், உட்குழிவான பிளேடுக்குள் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கும் வழியை ஃபிரான்ஸ் வறுமையால் கண்டார் என்பதும், நிக்கல் மிகுந்த நாடுகள் பின்னாளில் அதே வழியை மேற்கொண்டன என்பதும் மறக்கத்தக்கவை அல்ல.

நுண்துகளின் உருவம் மெல்ல மெல்லத் துலங்கியது. நிக்கலும் அலுமினியமும் சேரும்போது உண்டாகும் கட்டமைப்புகளை 1937இலேயே பிராட்லியும் டெய்லரும் எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்திருந்தனர். டைட்டானியமும் குரோமியமும் சேர்ந்த கலவைகளை டெய்லரும் ஃபிளாய்டும் 1950களின் தொடக்கத்தில் தொடர்ந்து ஆராய்ந்தனர். அதே பத்தாண்டில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அத்துகள்களைப் படமாகவே காட்டியது. காமா பிரைம் என்று பெயரிடப்பட்ட அத்துகளில் மூன்று நிக்கல் அணுக்களுக்கு ஓர் அலுமினிய அணு என்ற கணக்கில், அலுமினியம் கனசதுரத்தின் மூலைகளிலும் நிக்கல் அதன் முகங்களின் நடுவிலும் ஒழுங்காக அமர்ந்திருக்கும். டைட்டானியம் அலுமினியத்தின் இருக்கையில் பங்குபோட்டுக்கொள்ளும். சூழ்ந்திருக்கும் நிக்கல் சட்டகத்தின் அளவும் துகளின் அளவும் ஏறத்தாழ ஒன்றேயாதலால், இரண்டுக்கும் இடையே தையல் தெரியாமல் அணுவரிசைகள் தொடர்ந்து ஓடுகின்றன. அதனால்தான் அத்துகள் ஆயிரக்கணக்கான மணி நேரச் சூட்டிலும் எளிதில் பெருத்துக் கெடுவதில்லை. உலோகம் நீள்வது என்பது அணுவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதே. அந்த நகர்வு ஒழுங்கற்ற நிக்கல் சட்டகத்தில் எளிது; ஒழுங்காக அடுக்கிய துகளுக்குள் புக வேண்டுமானால் அந்த ஒழுங்கைக் குலைத்தாக வேண்டும் என்பதால், நகர்வு துகளின் வாயிலிலேயே தடைப்படுகிறது.

இதிலும் வியப்பானது ஒன்று உண்டு. எல்லா உலோகங்களும் சூடேற ஏற இளகும் என்பது கொல்லன் பட்டறையில் எவரும் அறிந்த உண்மை. காமா பிரைம் அந்த உண்மைக்கு விலக்கு. 700, 800 டிகிரி வரை சூடேற ஏற அதன் வலிமை கூடிக்கொண்டே போகிறது. இதனை அளந்து காட்டியோருள் 1957இல் வெளிவந்த ஆய்வால் அறியப்படும் வெஸ்ட்புரூக் முன்னோடி. வெப்பத்தின் தூண்டுதலால் நகர்வுகள் தம் தளத்தை விட்டு வேறொரு தளத்துக்குத் தாவி, அங்கே நகர முடியாமல் சிக்கிக்கொள்கின்றன என்று 1960களில் விளக்கம் கிடைத்தது. நெருப்பே பூட்டாகிறது. வெப்பம் கூடுமிடத்திற்கென்றே இயற்கை இப்படி ஒரு பொருளை ஒதுக்கிவைத்தது போல் தோன்றும் இடம் உலோகவியலில் இதைப் போல் வேறில்லை எனலாம்.

காமா பிரைமின் அளவைக் கூட்டினால் வலிமை கூடும் என்று தெரிந்த பின், அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் அள்ளிச் சேர்க்கத் தடையாக நின்றது காற்று. திறந்த உலையில் உருகும்போதே இவ்விரண்டும் காற்றின் ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் சேர்ந்து கசடாகிவிடும். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் ஃபாலிஹ் தர்மாரா, காற்றை வெளியேற்றிய கலனுக்குள் மின்காந்தத் தூண்டலால் உலோகத்தை உருக்கும் முறையைத் தொழிலளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கசடு குறைந்ததோடு, பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே உலோகத்தைப் பொடியச் செய்யும் ஈயமும் பிஸ்மத்தும் வெற்றிடத்தில் ஆவியாகிப் போயின.

இதே காலத்தில் மேற்கு வெர்ஜீனியாவின் ஹண்டிங்டனில் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் வேறொரு வழியில் சென்றார். உயரழுத்த நீராவிக் குழாய்களுக்கான தேடலில் அவர் நையோபியத்தை நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்துப் பார்த்தார். அவ்வாறு பிறந்து 1962இல் காப்புரிமை பெற்ற இன்கோனல் 718இல் நிக்கலும் நையோபியமும் சேர்ந்த வேறொரு துகள் வலிமை தருகிறது. அத்துகள் மெதுவாகவே முளைக்கும். அந்த மந்த குணமே அதன் பெருஞ்சிறப்பு. காமா பிரைமை நம்பிய கலவைகளைப் பற்றவைத்தால், பற்றவைப்பின் சூடு ஆறுவதற்குள் துகள்கள் முளைத்து, உலோகம் விறைத்துப் பிளந்துவிடும். 718 ஆறி முடியும் வரை மென்மையாகவே இருந்து, பிறகு பதப்படுத்தும்போதுதான் கெட்டிப்படும். 650 டிகிரிக்கு மேல் அது தளர்ந்துவிடும் என்பது உண்மையாயினும், பற்றவைக்கவும் கடையவும் இடம்தந்ததால் ஜெட் பொறிகளின் சுழல்தட்டுகளிலிருந்து அமெரிக்க விண்ணோடத்தின் ராக்கெட் பொறி வரை மிகப் பரவலாகப் பயன்பட்டது அதுவே.

பிளேடுகளைப் பொறுத்தவரை, கலவையை மாற்றிப் பெறக்கூடிய ஆதாயம் குறையத் தொடங்கியதும் கவனம் வார்ப்பின் பக்கம் திரும்பியது. மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண்பூசிச் சுட்டு, மெழுகை உருக்கி வடித்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது சுவாமிமலைச் சிற்பிகள் திருமேனிகளை வார்க்கும் முறை; உலகின் பல பண்பாடுகளுக்கும் அது உரியது. அமெரிக்காவில் அது பல் கட்டும் தொழிலின் வழியாகப் பொறியியலுக்குள் வந்தது. பற்களுக்கான விட்டாலியம் என்ற கோபால்ட் கலவையை மெழுகு வார்ப்பால் செய்த ஆஸ்டெனல் நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களின் காற்றழுத்திகளுக்கும் அதே முறையில் பிளேடுகளை வார்த்தளித்தது. அவ்வாறு வார்த்த உலோகம், ஆறும்போது எங்கெங்கும் ஒரே நேரத்தில் உறைந்து, ஒன்றையொன்று முட்டி நிற்கும் எண்ணற்ற சிறு படிகங்களின் தொகுதியாகிறது. அப்படிகங்கள் சந்திக்கும் எல்லைகளே ஊர்வின் வாசல். வெளிப்புற இழுப்பு அவ்வெல்லைகளைக் குறுக்கே பிளக்கிறது. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தில் 1960களில் பணியாற்றிய ஃபிராங்க் வெர்ஸ்னைடர், படிகங்கள் யாவும் பிளேடின் நீளவாக்கில் தூண்களைப் போல் வளருமாறு செய்தால் இழுப்புக்குக் குறுக்கே எல்லையே இராது என்று கண்டார். அவரோடு பணியாற்றிய பாரி பியர்சி இன்னும் ஓர் அடி முன் சென்று, எல்லையே இல்லாத ஒற்றைப் படிகமாக முழுப் பிளேடையும் வார்த்தார்.

அந்த வார்ப்பு நடைபெறும் விதம் நுணுகிக் காணத்தக்கது. பீங்கான் அச்சின் அடிப்புறம், நீரோட்டத்தால் குளிர்ந்துகொண்டிருக்கும் செம்புத் தட்டின்மேல் திறந்தபடி அமர்ந்திருக்கிறது. அச்சு முழுவதும் உலையின் சூட்டில், உலோகத்தின் உருகுநிலைக்கு மேலான வெப்பத்தில் இருக்கிறது. ஊற்றிய உலோகம் தட்டைத் தொட்ட இடத்தில் மட்டும் உறைந்து, பல படிகங்கள் புல்லைப் போல் மேல்நோக்கி முளைக்கின்றன. பிறகு தட்டும் அச்சும் நிமிடத்திற்குச் சில மில்லிமீட்டர் என்ற நிதானத்தில் உலையிலிருந்து கீழிறக்கப்பட, உறையும் விளிம்பு மெல்ல மேலேறுகிறது. பிளேடின் அடிப்பாகத்தை எட்டுமுன் அவ்விளிம்பு, பன்றிவால் போல் சுருண்ட ஒரு குறுகிய திருகுவழியில் நுழைந்தாக வேண்டும். திருகின் வளைவுகளில் படிகங்கள் ஒன்றையொன்று நெருக்கி அடைத்துப் பின்தங்க, ஒன்றே ஒன்று மறுமுனையில் வெளிப்பட்டு, அச்சின் எஞ்சிய இடம் முழுவதையும் தானே நிரப்புகிறது. பிளேடினுள் குளிர்காற்று ஓட வேண்டிய வளைந்த வழிகளுக்காக அச்சின் நடுவில் வைத்த பீங்கான் கருவை, வார்ப்பு ஆறிய பின் காரச்சோடாக் கரைசலில் இட்டுக் கரைத்தெடுக்கின்றனர். காரத்தால் நிக்கலுக்கு ஊறு நேராது என்ற அரிமான எதிர்ப்பு இங்கே வார்ப்புத் தொழிலுக்கும் கைகொடுக்கிறது. எல்லைகளே இல்லாமையால், எல்லைகளை வலுப்படுத்தச் சேர்த்துவந்த கரியையும் போரானையும் பெருமளவு நீக்க முடிந்தது. அவை நீங்கியதால் கலவை உருகத் தொடங்கும் வெப்பநிலை உயர்ந்தது. உயர்ந்ததால் காமா பிரைமை முழுமையாகக் கரைத்துச் சீராக முளைப்பிக்க முடிந்தது. இத்தகைய ஒற்றைப் படிகப் பிளேடுகள் 1982இல் போயிங் 767, ஏர்பஸ் ஏ310 விமானங்களின் பொறிகளில் பயணிகள் சேவைக்கு வந்தன.

அடுத்த தலைமுறைகளில் ரேனியம் சேர்ந்தது. 1925இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்ட இத்தனிமம் 3,180 டிகிரிக்கு மேல்தான் உருகும்; அணுக்களின் இடமாற்றத்தை அது வெகுவாக மந்தப்படுத்துவதால், நூற்றுக்கு மூன்று பங்கும் பிறகு ஆறு பங்கும் சேர்க்கப்பட்டது. ஆனால் அது தனியாகத் தோண்டியெடுக்கும் தாதுவன்று. பெரும்பாலும் சிலி நாட்டின் செம்புச் சுரங்கங்களில் மாலிப்டினத்தோடு ஒட்டிவரும் சிறு துணைப்பொருள். உலக ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 50 டன்னே ஆதலால், பின்னர் அதன் அளவைக் குறைக்கும் கலவைகளை வகுக்க வேண்டியதாயிற்று. இன்றைய பொறிகளில் பிளேடைச் சூழும் எரிவளியின் வெப்பம் 1,500 டிகிரிக்கும் மேல், அதாவது அந்த உலோகத்தின் உருகுநிலைக்கும் மேல் என்பதை நோக்கினால், உட்குழிவில் ஓடும் காற்றும் மேற்பூச்சான சிர்க்கோனியா பீங்கானும் உலோகத்தோடு சேர்ந்தே அதை உருகாமல் காக்கின்றன என்பது விளங்கும். வலிமையைக் கூட்டும் முயற்சியில் குரோமியத்தின் அளவு படிப்படியாகக் குறைந்ததால், கடற்காற்றின் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேட்டாய்ப் படிந்து பிளேடை அரித்த தொல்லை 1960களில் தலைதூக்கியது. மார்ஷ் கண்ட படலம் உலோகத்தால் தானாக நெய்யப்படாதபோது, அலுமினியம் மிகுந்த பூச்சாக அதை வெளியிலிருந்து போர்த்த நேர்ந்தது.

படலத்தின்மேல் வைத்த நம்பிக்கை மிகப் பெரிய விலை கேட்ட இடம் அணுமின் நிலையம். அழுத்த நீர் உலைகளில், உலையைச் சுற்றிவரும் கதிரியக்க நீர் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் ஓட, அவற்றின் வெளிப்புறத்தில் வேறு நீர் ஆவியாகி டர்பைனுக்குப் போகிறது. ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள குழாய்ச் சுவர்தான் இரண்டுக்கும் இடையிலான வேலி. துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் குளோரைடு சிறிது சேர்ந்தாலும், இழுவிசையும் அரிமானமும் கைகோத்துப் பிளக்கும் தகைவு அரிமான விரிசல் தோன்றுகிறது. நிக்கலின் பங்கு பாதியளவை நெருங்கும் கலவைகளில் அது தோன்றுவதில்லை என்று கோப்சன் 1959இல் எடுத்துக்காட்டினார். ஆகவே நிக்கல் 72 பங்குக்கு மேலும் குரோமியம் 15 பங்கு அளவிலும் உள்ள இன்கோனல் 600 எங்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே 1959இல் பிரான்சின் அணுசக்தி ஆணையத்தைச் சேர்ந்த ஆன்ரி கொரியு, 350 டிகிரியில் எந்த மாசும் இல்லாத தூய நீரிலேயே அக்கலவை விரிசல் விடுவதைக் கண்டு வெளியிட்டார். பிற ஆய்வுக்கூடங்களில் அந்த முடிவு உடனே கிட்டாததால், அவருடைய எச்சரிக்கை நெடுங்காலம் ஐயத்துக்கு உள்ளாயிற்று. விரிசல் முளைக்கப் பல்லாயிரம் மணி நேரம் பிடிக்கும் என்பதையும், படிக எல்லைகளை ஒட்டிக் குரோமியம் வற்றியிருந்தால் அங்கே காவற்படலம் வலுவற்றுப் போகும் என்பதையும் 1970களிலிருந்து நிலையங்கள் பட்டறிந்தன. குரோமியத்தை ஏறத்தாழ 30 பங்காக உயர்த்திய 690 கலவைக் குழாய்களோடு புதிய நீராவிக் கலன்களைப் பொருத்தும் வேலை உலகெங்கும் நடந்தது.

குழாய்களை மாற்றியதோடு அது முடியவில்லை. உலையின் மூடியைத் துளைத்துச் செல்லும் முனைக்குழாய்களும் 600 கலவையால் ஆனவை. 2002 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில், விரிசல் விட்ட ஒரு முனைக்குழாயின் வழியே போரிக் அமிலம் கலந்த நீர் கசிந்து, ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் கன எஃகு மூடியை ஓரிடத்தில் முற்றிலும் அரித்துவிட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 150 வளிமண்டல அழுத்தத்தை அந்த இடத்தில் தாங்கி நின்றது, உட்புறத்தில் பொதிந்திருந்த ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த துருப்பிடிக்காத எஃகுப் படை மட்டுமே. கட்டி முடிக்கப்படாத வேறொரு நிலையத்திலிருந்து கொண்டுவந்து பொருத்திய மாற்று மூடியின் முனைக்குழாய்களும் 600 கலவையே. 2010இல் அவற்றிலும் விரிசல்கள் காணப்பட்டன. 690 கலவை முனைக்குழாய்கள் கொண்ட புதிய மூடி அவ்வுலைமேல் ஏற்றப்பட்டபோது ஆண்டு 2011. கொரியுவின் கட்டுரை வெளிவந்து 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.